மிலேனா கேட்ட சட்டம்

கோரா போன மே மாதம் மாநிலப் போட்டியில் குண்டெறிந்து முதலாவதாக வந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு, அந்தப் பதக்கத்தைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. யாரும் சந்தேகப்படக்கூட இல்லை. "அதை நான் எறியல சார், மாத்திரை எறிஞ்சுது" என்று மட்டும் சொன்னாளாம்.

அவள் அம்மா மிலேனா மாருசிச்சுக்கு இது மறுநாள்தான் தெரிந்தது. செப்புச் சுரங்க ஊரான பியூட்டின் தபால் நிலையத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவள் அவள். பயிற்சியாளரின் மனைவி ஸ்டாம்ப் வாங்க வந்தவள், குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். மிலேனாவுக்கு முதலில் வந்தது கோபம். ஊருக்கே தெரியாமல் இருந்ததை இவள் எதற்குத் தூக்கிக்கொண்டு போனாள் என்ற கோபம். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் அது மெல்ல வேறொன்றாக மாறியது. தானாக இருந்தால் அந்தப் பதக்கத்தை ஒரு டிராயருக்குள் போட்டு மூடியிருப்பாள். பதினேழு வயதுப் பெண் அப்படிச் செய்யவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மாருசிச் வீட்டுப் பெண்களின் தோள்கள் ஊரில் பேர்போனவை. மிலேனா தன் காலத்தில் எறிந்த தூரம் இன்னும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. அவள் அக்கா டானிட்சா விளையாட்டுப் பக்கமே போகாதவள். ஆனால் செப்புச் சுரங்கத்தில் வீடு மாதிரி உயரமான டிரக்கை ஓட்டுகிறாள். கோராவின் அப்பன் அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, அவளுக்கு இருந்ததெல்லாம் இந்தப் பெண்களும் இவர்களுடைய தோள்களும்தான்.

அந்தத் தோளை இன்னும் கொஞ்சம் பலமாக்கலாம் என்று கோரா நினைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஷாப்பிங் மாலில் சத்து மாத்திரை விற்கிற கடை ஒன்று இருந்தது. விற்பனைக்கு நின்றவன் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்து, உடம்பு தானே சுரக்கிற சமாசாரம்தான் இது, இயற்கையானது, தடை கிடையாது என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. டி.ஹெச்.இ.ஏ. என்ற அந்த ஹார்மோனை எல்லார் உடம்பும் சுரக்கிறது. வாஷிங்டன்காரர்கள் ஒரு சட்டம் போட்டு அதன் பங்காளிகளையெல்லாம் ஸ்டீராய்டு பட்டியலில் ஏற்றிவிட்டு, இதை மட்டும் வெளியே விட்டுவைத்திருந்தார்கள். கோரா டப்பாவில் எழுதியிருந்த அளவை விட்டுவிட்டு, அதைப்போல் பல மடங்கு விழுங்கினாள். குண்டு தூரமாகப் போனது. முகத்தில் பரு கிளம்பியது, மேலுதட்டில் மயிர் அரும்பியது, மாதவிலக்கு நின்றது. கோடையில் ஒருநாள் குரல் உடைந்தது.

மாத்திரையை நிறுத்தியபின் மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாயின. குரல் மட்டும் சரியாகவில்லை. தொண்டையில் தடித்தது தடித்ததுதான், இனி மெலியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுத் தொலைபேசியை அவள் எடுத்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள், "சார், மிலேனா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அவள் தொலைபேசியை எடுப்பதை விட்டாள். வகுப்பில் கை தூக்குவதை விட்டாள். கடையில் வேண்டியதை விரலால் காட்டி வாங்கினாள்.

மிலேனா சும்மா உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. தன் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் போனாள், அவர் கையை விரித்தார். அப்புறம் மாநிலத்தின் கிழக்குப் பக்கத்து ஹார்லன் டீக் என்ற சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிக் கேள்விப்பட்டாள். மாடு வளர்க்கிறவர், வெட்டொன்று துண்டிரண்டு என்று பேசுகிறவர். மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுவதற்கு எத்தனை கட்டுப்பாடு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மிலேனா கதையைச் சொல்லி முடித்ததும் அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, என் கன்னுக்குட்டிக்கு இருக்கிற பாதுகாப்பு உங்க பொண்ணுக்கு இல்லையா என்றார். மசோதா தயாரானது. அந்த ஹார்மோனை மாநிலத்தின் கட்டுப்படுத்தப்பட்ட ஸ்டீராய்டுகளின் பட்டியலில் சேர்ப்பது. விற்றால் சிறை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வைத்திருந்தாலும் குற்றம்.

செய்தித்தாளில் மிலேனாவின் படம் வந்தது. தபால் நிலையத்தில் வரிசையில் நின்றவர்கள் கவுன்ட்டருக்கு மேலாகக் கை நீட்டிக் குலுக்கினார்கள். மல்யுத்தம் செய்யும் தங்கள் பையன்களும் இதை விழுங்குகிறார்கள் என்று மற்ற ஊர்களிலிருந்து அம்மாக்கள் அழைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் சொல்வதைப் பெரிய ஆட்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு நெஞ்சை நிமிர்த்தியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டானிட்சா வந்தாள். கையில் பேஸ்டி பொட்டலம் இருந்தது. உருளைக்கிழங்கும் கறியும் வைத்துச் சுட்ட அந்த மடிப்பு ரொட்டி இல்லாமல் அவள் யார் வீட்டுக்கும் போகமாட்டாள். பொட்டலத்தை மேசையில் வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். மிலேனாவுக்கு அந்தப் பெயரைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"இது எதுக்கு உன்கிட்ட?"

"நான் தினமும் ஒண்ணு போடறேன். மூணு வருஷமா."

அக்காவுக்கு வியாதி இருப்பது மிலேனாவுக்குத் தெரியும். சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பிகள் அவளுக்கு அடியோடு செத்துப்போயிருந்தன. அது தெரியவருவதற்குள் ஒருமுறை சுரங்கத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர்காக்கிற மாத்திரை வேறு உண்டு, அதை அவள் சாகும்வரை போட்டாக வேண்டும். அந்த மாத்திரை உயிரைத்தான் காத்தது, மற்றதைத் திருப்பித் தரவில்லை. அந்தக் காலத்தை டானிட்சா அன்றைக்குத்தான் தங்கையிடம் சொன்னாள். காலையில் பூட்ஸ் போட உட்கார்ந்தால் அப்படியே கையில் பூட்ஸோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாளாம். சந்தோஷம், துக்கம் எதுவும் உள்ளே இறங்காதாம். டாக்டர்தான் இந்த டப்பாவைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சில மாதங்களில் ஆள் திரும்பி வந்தாள்.

மிலேனா சொன்னாள்: "அப்ப டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிக்கோ. மசோதாவுல அது இருக்கு."

"கேட்டேன்டி. எழுதிக் குடுக்க மருந்துன்னு ஒண்ணு இருந்தாத்தானே? இதை மருந்துன்னு எந்தக் கம்பெனியும் பதிவே பண்ணலையாம். பட்டியல்ல ஏறிட்டா நான் கஞ்சா வாங்கறவன் மாதிரி சந்துக்குள்ள போய்த்தான் வாங்கணும். சுரங்கத்துல தெரிஞ்சா டிரக் சாவியைப் புடுங்கிடுவாங்க."

"நீ ஒருத்தி. வெளில எத்தனை பசங்க இதை முழுங்கறாங்க தெரியுமா? என் பொண்ணோட குரல் போச்சுக்கா."

"தெரியும். நான்தான் அவளைத் தூக்கி வளத்தேன்."

"தெரிஞ்சுமா வந்து கேக்கற?"

டானிட்சா எழுந்தாள். டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மசோதாமேல் விசாரணை நடக்கிற அன்றைக்கு நானும் தலைநகர் ஹெலீனாவுக்கு வருவேன், உன் பக்கம் உட்கார மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படியில் கோரா நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் விசாரணை வந்தது. ஹெலீனா போகிற வழியில் கணவாய் முழுக்கப் பனி. மிலேனா வண்டி ஓட்ட, கோரா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நீ வரவேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஏறிக்கொண்டாள். 

சட்டமன்றக் குழு கூடும் அறை பெரிதாக ஒன்றும் இல்லை. உறுப்பினர்கள் வளைந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர் ஓடெட் ரிக், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த ஒல்லியான பெண்மணி. பின்வரிசையில் சுரங்கத் தொழிலாளிகள் சிலர் இருந்தார்கள். அதே அறையில் அடுத்து வரவிருந்த வேறொரு மசோதாவுக்காக வந்தவர்கள் அவர்கள். டானிட்சாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிற ஓர்வில் என்பவனும் அவர்களில் ஒருவன்.

டீக் எழுந்து மசோதாவை முன்வைத்தார். பிறகு ஆதரிப்பவர்களைக் கூப்பிட்டார்கள். மிலேனா போனாள். மைக் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நின்று பேசினாள். மகள் என்ன வாங்கினாள், யார் விற்றார்கள், என்ன ஆனது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பதக்கத்தை யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்தாள் என்பதைச் சொல்லும்போது அவள் குரல் உயர்ந்தது. உறுப்பினர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசி முடித்துத் திரும்பி வந்தபோது, ஜெயித்துவிட்டோம் என்று மிலேனாவுக்குத் தெரிந்துவிட்டது. டீக்கும் லேசாகத் தலையை ஆட்டினார்.

எதிர்ப்பவர்களைக் கூப்பிட்டதும் முதலில் எழுந்தவர் மாத்திரைக் கம்பெனிகள் அனுப்பிய ஆள். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. இயற்கையானது, சுதந்திரம், சிறு வியாபாரிகள் என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பெண் அளவுக்கு மீறிச் சாப்பிட்டதற்கு மாநிலமே பழி சுமக்க வேண்டுமா என்று கேட்டார். மிலேனா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பேசி முடித்துவிட்டு, பின்னால் திரும்பி டானிட்சாவைப் பார்த்து மரியாதையாகக் கையைக் காட்டி அழைத்தார்.

டானிட்சா சுரங்கக் கம்பளிச் சட்டையிலேயே வந்திருந்தாள். மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் முதல் காரியமாக ஒன்றைத் தெளிவாக்கினாள்.

"இப்ப பேசினாரே, அவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கெடையாது. ஹோட்டல்ல ரூம் போட்டுத் தர்றேன், கார் அனுப்பறேன்னு போன் பண்ணாரு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு சொல்லிட்டேன். அளவுக்கு மீறிச் சாப்ட்ட பொண்ணுன்னு சொன்னாரு பாருங்க, அவ என் தங்கச்சி பொண்ணு. அவளைப் பத்தி இவரு பேசற அளவுக்கு எங்க வீடு இன்னும் எறங்கிப் போகல."

அந்த மனிதர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு டானிட்சா தன் வியாதியைச் சொன்னாள். மிலேனா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில்கூட நர்சை வெளியே போகச் சொல்லிவிட்டு உடை மாற்றியவள். பல்வலியைக்கூட வீட்டில் சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத மனிதர்களுக்கு எதிரே நின்று, உடம்பில் இருந்த முடியெல்லாம் உதிர்ந்ததைச் சொன்னாள். புருஷன் எமில் பக்கத்தில் படுத்து அணைத்தாலும் தான் மரக்கட்டை மாதிரிக் கிடந்ததையும், அவன் பாவம் தன்மேல்தான் குறையோ என்று மருகியதையும் சொன்னாள். பின்வரிசையில் சுரங்கத்து ஆட்கள் இருப்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

வயதான உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். "வயசானா இது எல்லாருக்கும் கொறையத்தான் செய்யும்மா. எனக்கும் கொறஞ்சுதான் இருக்கும். நான் என்ன மாத்திரையா போடறேன்?"

"உங்களுக்குக் கொறஞ்சிருக்குங்க. எனக்கு இல்லவே இல்ல. டாங்க்ல டீசல் கம்மியா இருக்கற வண்டியும், டாங்க்கே இல்லாத வண்டியும் ஒண்ணா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. கேட்டவரும் சிரித்தார். டானிட்சா சிரிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. என் தங்கச்சி பொய் சொல்லல. அந்தப் புள்ளைக்கு நடந்தது அத்தனையும் நெஜம். அதை நிறுத்த நீங்க ஏதாவது செஞ்சே ஆகணும். ஆனா இந்தப் பட்டியல்ல ஏத்தி வெச்சீங்கன்னா, நாளைக்குக் காலைல நான் குற்றவாளி. அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க."

அவள் திரும்பித் தன் இடத்துக்கு நடந்தபோது மிலேனா நிமிர்ந்து பார்த்தாள். மனசுக்குள் கோபத்தைத் தேடினாள். காலையில் கணவாய் ஏறும்போது நிறைய இருந்தது. இப்போது அந்த இடத்தில், இவள் என் அக்கா என்று எழுந்து நின்று அந்த அறைக்கே சொல்லவேண்டும் போல ஒரு வேகம்தான் இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் மசோதாவுக்கு எதிராகப் பேசியவளைப் பார்த்துப் பெருமைப்படுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழுத் தலைவர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார். ஆதரவும் இல்லாமல், எதிர்ப்பும் இல்லாமல், தகவல் சொல்ல வந்தவர்கள் யாராவது உண்டா? வழக்கமாக அதற்கு அரசாங்க அதிகாரிகள்தான் எழுவார்கள். அன்றைக்கு மிலேனாவுக்குப் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

கோரா எழுந்து நடந்தாள். மிலேனா கையை நீட்டிச் சட்டையைப் பிடிப்பதற்குள் அவள் மைக்குக்குப் போய்விட்டாள். பெயரைச் சொன்னாள்.  அந்தக் குரலைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கோரா அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இதுதான் இப்ப என் குரல். அம்மா சொன்னாங்க, நீங்க நம்பினீங்களோ இல்லையோன்னுதான் நானே வந்தேன். இந்தக் குரல்ல நான் வெளியாளுங்ககிட்ட பேசி ஆறு மாசம் ஆச்சு."

 அவள் தொடர்ந்தாள்.

"அந்தக் கடைல என்கிட்ட யாரும் வயசு கேக்கல. சிகரெட் கேட்டிருந்தா கேட்டிருப்பாங்க. பொண்ணுங்க சாப்ட்டா என்ன ஆகும்னு டப்பால ஒரு வரி இல்ல. அளவுக்கு மேல போட்டது என் தப்பு. அதை நான் யார்மேலயும் போடல. ஆனா அது மருந்துக்கடைல கவுன்ட்டருக்குப் பின்னாடி இருந்திருந்தா, கேட்டு வாங்கற தைரியம் எனக்கு வந்திருக்காது. நம்ம ஊரு மருந்துக்கடைக்காரருக்கு எங்க அம்மாவைத் தெரியும்."

சிலர் புன்னகைத்தார்கள்.

"பெரியம்மா பூட்ஸைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை நான் பாத்திருக்கேன். அப்ப எதுக்குன்னு தெரியாது. எனக்கு நடந்ததை வெச்சு அவங்களை மறுபடி அப்படி உக்கார வெக்காதீங்க. அவ்வளவுதான்."

ஓடெட் ரிக் கண்ணாடியைக் கழற்றி நன்றி சொன்னார். பிறகு டீக்கிடம், முடிவுரை சொல்கிறீர்களா என்று கேட்டார். டீக் மேசையைப் பார்த்தார், மிலேனாவைப் பார்த்தார். பத்து நிமிஷம் இடைவேளை வேண்டும் என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் டீக் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார். ஓட்டு கையில் இருக்கிறது, உள்ளே தலையை எண்ணிவிட்டேன், இருக்கிறபடியே கொண்டுபோனாலும் நிறைவேறும் என்றார். ஆனால் இது உங்கள் மசோதா, நீங்கள் சொல்கிறபடிதான் செய்வேன் என்றார். மாற்றினால் மற்ற ஊர்களில் இருந்து உங்களை அழைத்த அம்மாக்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்றும் எச்சரித்தார்.

டானிட்சா கொஞ்சம் தள்ளித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓர்வில் அவளிடம் வந்தான். தலையில் இருந்த குல்லாவைக் கழற்றினான். அதைக் கையில் வைத்துக் கசக்கினான்.

"திங்கக்கிழமை ஷிப்ட்ல பாப்போம், டானி" என்றான்.

"நீ வழக்கம்போல லேட்டா வராம இருந்தா பாப்போம்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். மிலேனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"உனக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு. பெரியம்மா மேல இல்ல."

மிலேனா டீக்கிடம் போனாள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக்கூடாது, விற்றால் கடுமையான தண்டனை வேண்டும். கடை அலமாரியில் இருக்கக்கூடாது, மருந்துக்கடைக்காரர் கையால்தான் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு என்ன ஆகும் என்பது டப்பாவின் முன்பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள்.

"இளகிட்டீங்கன்னு சொல்லுவாங்க" என்றார் டீக்.

"சொல்லட்டும். நான் யாருன்னு எனக்குத் தெரியும்."

டீக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வைக்கக்கூடாத இடம் என்று ஞாபகம் வந்து மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியதும் மிலேனா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எமில் மேட்டரையெல்லாம் சொல்லிட்டியே. அவர் காதுக்குப் போனா?"

"நேத்தே சொல்லிட்டேன். போய்ச் சொல்லு, எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாதுன்னாரு." டானிட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லா பேசினடி. எனக்கே உன் பக்கம் ஓட்டுப் போடலாம்னு இருந்துது."

திருத்திய மசோதா குழுவில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. டாங்க் பதிலை வாங்கிக்கொண்ட பெரியவர் முதல் ஆளாகக் கை தூக்கினார். கம்பெனி ஆள் கடைசிவரை தாழ்வாரத்தில் உறுப்பினர்களைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார், அலமாரியை விட்டு எடுப்பது அவர்களுக்குத்தான் பெரிய அடி. இரு சபைகளிலும் இழுபறியாகி, ஏப்ரலில்தான் கவர்னர் கையெழுத்துப் போட்டார். மாலில் இருந்த அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு வரிசை காலியானது. டீக் சொன்னது போலவே சில அம்மாக்கள் அழைத்துச் சண்டை போட்டார்கள். ஒருத்தி, உன் அக்காவுக்காக எங்களை விற்றுவிட்டாய் என்றாள். மிலேனா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். என் அக்காவுக்காகத்தான், என் பொண்ணுக்காகவும்தான், உன் பையனுக்காகவும்தான் என்று சொல்லிவிட்டு வைத்தாள். சில நாட்கள் அந்த அழைப்புகள் அவளை உறுத்தின. பட்டியலில் ஏற்றியிருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்களோ என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இல்லை என்பதை யார் கேட்டாலும் ஒப்புக்கொண்டாள். ஆனால் செய்ததை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

வீட்டுத் தொலைபேசியை மறுபடி கோராவே எடுத்தாள். யாராவது சார் என்றால், "சார் இல்ல, கோரா. சொல்லுங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே மிலேனா அடுக்களையில் வேலை பார்ப்பாள்.

மே மாதத்தில் மாவட்டப் போட்டி வந்தது. பியூட்டில் மே மாதம் என்பது பெயருக்குத்தான் வசந்தம். மைதானத்தில் பனித்துகள் கலந்த காற்று குறுக்கே அடித்தது. மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோராவைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். மிலேனாவும் டானிட்சாவும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்பித் தடுப்பின் ஓரம் நின்றார்கள். முதல் எறிதலில் கோராவின் கால் வட்டத்தைத் தாண்டியது. செல்லாது என்று சிவப்புக் கொடி உயர்ந்தது. அடுத்ததில் குண்டு சரியாக விழுந்தது, ஆனால் போன வருஷம் போன தூரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. எல்லா எறிதல்களும் முடிந்தபோது அவள் நான்காவதாக வந்திருந்தாள்.

அவள் கைகளில் இருந்த சுண்ணாம்புத்தூளைத் தட்டிக்கொண்டே தடுப்புக்கு வந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"எவ்வளவு தூரம்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"அவ்வளவும் நான் எறிஞ்சது" என்றாள் கோரா, மைதானத்தில் பலருக்குக் கேட்கும்படி.

மிலேனா தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தாள்.  டானிட்சா போர்வையை எடுத்துப் பெண்ணின் முதுகில் போர்த்தினாள். வியர்வையோடு காற்றில் நிற்காதே, பேஸ்டி வண்டியில் இருக்கிறது, ஆறுவதற்குள் வந்து சாப்பிடு என்றாள்.